ஹேட்லி கோட்டை: கான்ஸ்டபிள் வரைந்தது துக்கத்தையா, விடியலையா?

கேள்வி (ஒரு வாசகர், பிப்ரவரி 9)

ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் ‘ஹேட்லி கோட்டை’, 1829. மனைவி இறந்த சில மாதங்களில் முடித்த படம். அந்த இடிந்த கோபுரம் கான்ஸ்டபிளேதான். படம் முழுக்கத் துக்கம், வேறு ஒன்றும் கிடையாது. இதை மறுப்பவர் யாராவது உண்டா?

பிப்ரவரி 9, இரவு

நான் மறுக்கிறேன். முழுதாக இல்லை, பாதி.

படத்தின் பெயரை யாரும் கடைசிவரை சொல்வதில்லை. லண்டனின் ஓவியர், சிற்பிகள் அமைப்பான ராயல் அகாடமியின் கண்காட்சிக்கு அவர் கொடுத்த பெயர் ‘ஹேட்லி கோட்டை, தேம்ஸ் முகத்துவாரம், புயலடித்த இரவுக்குப் பின் காலை’. புயல் முடிந்துவிட்டது. பொழுது விடிந்துவிட்டது. அதை ஓவியரே எழுதி ஒட்டியிருக்கிறார். நாம் ‘ஹேட்லி கோட்டை’ என்று சுருக்கிக்கொண்டு, கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு, துக்கம் என்று முடித்துவிடுகிறோம்.

படத்தின் வலது பாதியைப் பாருங்கள். மேகங்களுக்கு நடுவிலிருந்து வெளிச்சம் கற்றை கற்றையாகக் கடல் மேல் இறங்குகிறது. தொலைவில் தண்ணீர் வெள்ளியாக மின்னுகிறது. கீழே சரிவில் மாடுகள், அவற்றை ஓட்டிப் போகும் ஓர் ஆள். இடது மூலையில் கோலுடன் ஓர் இடையர், கூடவே நாய். அவர்களுக்கு இது இன்னொரு வேலை நாள். யாரும் அழவில்லை.

பிப்ரவரி 10

தேதிகள் தெரியாமல் இதைப் பேச முடியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். மனைவி மரியா 1828 நவம்பர் 23 அன்று காசநோயில் இறந்தார். வயது நாற்பது. ஏழு குழந்தைகள். மூத்தவனுக்குப் பதினொன்று நிரம்பவில்லை, கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அடுத்த மாதம் அண்ணன் கோல்டிங்குக்கு எழுதிய கடிதத்தில் கான்ஸ்டபிள், இனி ஒருபோதும் முன்போல உணரப்போவதில்லை, உலகத்தின் முகமே தனக்கு மாறிப்போய்விட்டது என்கிறார். இந்தத் துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதைப் படத்தில் எங்கே தேடுவது என்பதில்தான் எனக்குச் சண்டை.

ஹேட்லிக்கு அவர் போனது 1814 கோடையில். மரியா இறப்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பு, கல்யாணத்துக்கே இரண்டு ஆண்டுகள் முன்பு. டிரிஃபீல்ட் என்ற பாதிரியார், குடும்ப நண்பர், எசெக்ஸ் பக்கம் தன் திருச்சபை வேலையாகப் போனபோது இவரையும் அழைத்துப் போனார். அவர் வேலையைப் பார்க்க, இவர் சவுத்எண்ட் கடற்கரையில் நடந்தார், ஹேட்லியைப் பார்த்தார், கைக்குள் அடங்கும் சின்ன நோட்டில் பென்சிலால் கோபுரங்களை வரைந்தார். ஜூலை 3 அன்று மரியாவுக்குக் கடிதம்: இங்கே ஒரு கோட்டை இடிபாடு இருக்கிறது, அது நிற்கும் இடம் அருமை, கென்ட் மலைகள் தெரிகின்றன, பல மைல் தூரம் கடல் தெரிகிறது. கடற்கரையின் சோகம் கலந்த பிரம்மாண்டம் தனக்கு எப்போதும் பிடிக்கும் என்பதும் அதே கடிதத்தில்தான் வருகிறது.

அப்போது மரியாவின் தாத்தா, ஈஸ்ட் பெர்கோல்ட்டின் பாதிரியார் ரட், இந்தச் சம்பந்தத்துக்குக் குறுக்கே நின்றார். ஓவியனுக்குப் பெண் கொடுக்க மனமில்லை. ஆக, அந்தப் பென்சில் படம் காதலிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் கிறுக்கியது. பிளந்த கோபுரம் அதிலேயே இருக்கிறது. மனைவியை இழந்த பிறகு மனம் உடைந்து, உடைந்த ஒரு பொருளைத் தேடிப்போய் வரைந்தார் என்று சொல்வதற்கு வழியே இல்லை. அவர் தேடிப்போகவில்லை, திரும்ப எடுத்தார்.

பிப்ரவரி 10, பிற்பகல்

“திரும்ப எடுத்ததும் துக்கத்தால்தானே?” என்று கேட்டவருக்கு: ஆமாம். அவளுக்கு எழுதிய காலத்தின் நோட்டைப் புரட்டியிருக்கிறார், அதை மறுக்கவே முடியாது. ஆனால் அப்படியானால் அந்தக் கோபுரத்தில் ஒட்டியிருப்பது சாவு மட்டும் இல்லை, 1814ன் காத்திருப்பும் சேர்ந்துதான்.

பிப்ரவரி 15

இன்று லண்டனில் டேட் பிரிட்டன் கலைக்கூடத்துக்குப் போயிருந்தேன். பிம்லிகோ ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரம். இங்கே இருப்பது முழு அளவு முன்வரைவு. முடித்த படம் அமெரிக்காவில், நியூ ஹேவனில், யேல் பல்கலைக்கழகத்தின் கலை மையத்தில் இருக்கிறது. பெரிய படங்களுக்கு அதே அளவுக் கித்தானில் முதலில் ஒரு முன்வரைவு போட்டுப் பார்ப்பது கான்ஸ்டபிளின் பழக்கம். அவர் காலத்தில் வேறு யாரும் இப்படி இரண்டு மடங்கு உழைத்ததாகத் தெரியவில்லை. ஒன்றேகால் மீட்டர் உயரம், ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலம். அதையே இரண்டு முறை.

முன்வரைவு முன்னால் நின்றபோது, கேள்வி கேட்ட வாசகர் பக்கம் நான் கொஞ்சம் சாய்ந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் போனால் அது மண்ணும் சேறும் போல இருக்கிறது. பழுப்பு, சாம்பல், அழுக்குப் பச்சை. பேலட் கத்தியால் வண்ணத்தை அப்பி, இழுத்து, மேலே மறுபடி அப்பியிருக்கிறார். கோபுரத்தின் விளிம்பில் கல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. புல் கிடக்கும் தரையில் வெள்ளை வண்ணம் கட்டி கட்டியாகக் காய்ந்து நிற்கிறது. பக்கவாட்டில் விளக்கொளி படும்போது அந்தக் கட்டிகளுக்கு நிழல் விழுகிறது. கையை நீட்டித் தொடத் தோன்றும், காவலர் இருப்பதால் தப்பியது.

இந்தக் கித்தானை மட்டும் பார்ப்பவர் ‘துக்கம்’ என்றால் நான் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் அவர் இதோடு நிறுத்தவில்லையே. இதைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, இன்னொரு கித்தானை எடுத்து, அதில் வானத்தைத் திறந்துவிட்டார். யேல் படத்தில் வலது பக்கம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது அவர் எடுத்த முடிவு. கண்காட்சிக்கு அனுப்பியது அந்த முடிவைத்தான்.

பிப்ரவரி 16

சான்ட்ரி கதையை யாரும் சொல்லவில்லையே என்று ஆச்சரியம். சொல்கிறேன்.

கண்காட்சி திறப்பதற்கு முன் ‘வார்னிஷ் நாட்கள்’ என்று சில நாட்கள் உண்டு. மாட்டிய படங்களை அகாடமி உறுப்பினர்கள் கடைசியாகத் தொட்டுச் சரிசெய்யலாம். 1829ல் ஹேட்லி படத்தின் முன்னால் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி வந்து நின்றார். முன்பக்கத் தரை ரொம்பக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். சொன்னதோடு விடவில்லை, கான்ஸ்டபிள் கையிலிருந்த வண்ணப் பலகையைப் பிடுங்கி, தார் கலந்த பழுப்பை அந்தப் பகுதி முழுக்கப் பூசிவிட்டார். பின்னால் பதறிப்போய் நின்ற கான்ஸ்டபிள் நண்பர் லெஸ்லியிடம், “போச்சு, என் பனித்துளியெல்லாம் போச்சு” என்றாராம். சான்ட்ரி மேல் அவருக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அவர் போனதும் பூச்சு முழுவதையும் கவனமாகத் துடைத்து எடுத்துவிட்டார். லெஸ்லி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமானது, அவர் எதை இழந்ததாகப் பதறினார் என்பது. பனித்துளி. விடிகாலைப் புல்லின் ஈரம். அந்த வெள்ளைத் தெறிப்புகளைப் பத்திரிகைக்காரர்கள் ‘கான்ஸ்டபிளின் பனிமழை’ என்று கேலி செய்தார்கள். சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார்கள். அவருக்கோ அதுதான் காலை. துக்கத்தை மட்டும் வரைய நினைத்தவருக்கு சான்ட்ரியின் பழுப்பு வசதியாகத்தானே இருந்திருக்கும்!

பிப்ரவரி 16, சற்று நேரம் கழித்து

சென்னைக்காரர்களுக்கு ஒரு துணுக்கு. இந்தச் சான்ட்ரியின் கைவேலையைத்தான் தீவுத்திடல் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறீர்கள். குதிரை மேல் தாமஸ் மன்றோ. 1839ல் நிறுவிய சிலை. சேணமும் இல்லை, கால் வைக்க வளையமும் இல்லை என்று நாம் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்துப் பேசிய அதே சிலை. கான்ஸ்டபிளின் புல்லில் தார் பூசியவரும் அதைச் செய்தவரும் ஒரே ஆள் என்று தெரிந்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 17

சேணம் பற்றியே பதினைந்து பதில்கள் வந்துவிட்டன. சரி, நல்லதுதான். ஆனால் படத்துக்குத் திரும்புவோம்.

வார்னிஷ் நாள் என்றதும் ஓவியர் டர்னரின் கதையைக் கேட்டவருக்குச் சுருக்கமாக: அது 1832, வேறு படங்கள். கான்ஸ்டபிளின் ‘வாட்டர்லூ பாலம் திறப்பு’ பக்கத்தில் டர்னரின் சாம்பல் நிறக் கடல் படம் மாட்டியிருந்தது. டர்னர் வந்தார், தன் படத்தில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார், போய்விட்டார். “இங்கே வந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போயிருக்கிறார்” என்றார் கான்ஸ்டபிள். ஹேட்லியோடு இதற்குத் தொடர்பு இல்லை.

பிப்ரவரி 22

ஹேட்லிக்கே போய்வந்தோம், நானும் மகளும். லண்டனின் பார்க்கிங் (Barking) ஸ்டேஷனில் ரயில் ஏறினால் லீ-ஆன்-ஸீ, அங்கிருந்து மேட்டில் நடை. முதல் நாள் மழை. செருப்போ ஷூவோ எதுவானாலும் அந்த மண்ணில் கனம் கூடிக்கொண்டே போகும். ‘லண்டன் களிமண்’ என்று நிலவியலில் பெயர் பெற்ற மண் இது. நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் வெடிக்கும்.

இந்த மண்தான் கோட்டையைத் தின்றது. 1215ல் ஜான் மன்னர் ஹூபர்ட் டி பர்குக்கு இந்த இடத்தைக் கொடுத்தார். அவர் கட்டினார். 1360களில் மூன்றாம் எட்வர்ட் விரிவாக்கினார். கிழக்குப் பக்கத்து உயரமான கோபுரங்கள் அவர் காலத்தவை. 1551ல் ரிச் பிரபு வாங்கினார், கல்லுக்காகவே. இடித்து விற்றார். மிச்சம் நின்றதைச் சரிவு மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தது, இருபதாம் நூற்றாண்டிலும் இழுத்தது. தென்பக்கச் சுவர் எங்கே என்று தேடினால் சரிவில் உருண்டு கிடக்கும் துண்டுகளைத்தான் காட்டுகிறார்கள். தென்கிழக்குக் கோபுரம் மட்டும் இன்றும் நல்ல உயரத்தில் நிற்கிறது. வடகிழக்குக் கோபுரம் பாதிகூட இல்லை.

“கடல் அலை அடித்து அடித்து இடிந்த கோட்டை” என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அலை இதைத் தொட்டதே இல்லை. கோட்டை மேட்டில் இருக்கிறது. கீழே மாடு மேயும் சதுப்பு நிலம், அதற்கப்பால்தான் தண்ணீர். இப்போது இடையில் ரயில் பாதையும் ஓடுகிறது, அது 1850களில் வந்தது. தெற்கே கேன்வி தீவு, எண்ணெய்த் தொட்டிகள், மேற்கே துறைமுகத்தின் பெரிய கிரேன்கள். கிழக்கே திரும்பினால் மட்டும் கான்ஸ்டபிள் பார்த்தது கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது: அகன்று போய்க்கொண்டே இருக்கும் முகத்துவாரம், அந்தப் பக்கம் மெல்லிய கோடாகக் கென்ட்.

அங்கே நின்றால் ஒன்று புரியும். கோபுரத்தை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? சிறிது நேரம். அப்புறம் கண் தானாகக் கடலுக்குப் போய்விடுகிறது. மகள் கோபுரத்தைச் சுற்றி ஒரு தடவை வந்துவிட்டுக் கப்பல் எண்ணத் தொடங்கிவிட்டாள். 1814 கடிதத்திலும் அதே வரிசைதான்: கோட்டையைப் பற்றி ஒரு வரி, மற்றதெல்லாம் அங்கிருந்து தெரிபவை.

பிப்ரவரி 23

இரவு படுத்தபின் வேறு ஒரு யோசனை. கோபுரத்தில் துக்கம் இல்லை என்று நான் அடித்துப் பேசுகிறேன். அப்படியானால் துக்கம் எங்கே?

வானத்தில் என்று நினைக்கிறேன். 1819 முதல் அவர் குடும்பத்தை ஹாம்ப்ஸ்டெட் மேட்டுக்குக் கொண்டுபோனது மரியாவின் உடல்நிலைக்காக, நல்ல காற்றுக்காக. அங்கேதான் 1821, 1822ல் மேகங்களை மட்டும் வரைந்து தள்ளினார். பின்பக்கத்தில் தேதி, மணி, காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்தார். 1824ல் பிரைட்டன் கடற்கரைக்குப் போனதும் அவளுக்காக, மருத்துவர் சொன்னதால். கடலைத் திரும்பத் திரும்ப வரைந்தது அங்கேதான். பிரைட்டன் ஊர் அவருக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, கடல் பிடித்தது.

ஆக இந்தப் படத்தில் இருக்கும் வானமும் தண்ணீரும் அவள் நோயைப் பின்தொடர்ந்து போன இடங்களில் அவர் கற்றவை. எந்தக் காற்றில் எந்த மேகம் எப்படிக் கலையும் என்பது அவருக்குத் தெரிந்தது அவளுக்காகக் குடிபோன ஊர்களில்.

இன்னொன்றும் இருக்கிறது. 1827ல் வெல் வாக் தெருவில் எடுத்த வீட்டின் கூடத்திலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் முதல் கிரேவ்சென்ட் வரை தெரிகிறது, ஐரோப்பாவிலேயே இதற்கு ஈடு கிடையாது என்று நண்பர் ஃபிஷருக்குப் பெருமையாக எழுதினார். கிரேவ்சென்ட் தேம்ஸின் கீழ்ப்பக்கம், முகத்துவாரம் போகும் வழி. மரியா இறந்தது அந்த வீட்டில். சன்னலின் அந்தக் கடைசி எல்லைக்கும் அப்பால்தான் ஹேட்லி. அவர் இதை யோசித்து இடத்தைத் தேர்ந்தார் என்று சொல்லவில்லை. வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், அப்போது தோன்றியதைச் சொல்கிறேன்.

மார்ச் 2

“மனைவி இறந்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் கண்காட்சியா?” என்று ஒரு பதில். கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்கிறேன்.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தார். முகூர்த்த மாதம். பக்கத்துத் தெருப் பெண்ணின் கல்யாண ரவிக்கைகள் துணியாகவே கிடந்தன. சொந்தக்காரர்கள் வாய்விட்டே பேசினார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ரவிக்கைகளில் எந்தக் குறையும் இல்லை, கை எப்போதும் போலவே சீராக இருந்தது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்பது வீட்டில் இருந்த எங்களுக்குத்தான் தெரியும். ரவிக்கையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

கான்ஸ்டபிளுக்கு ஏழு பிள்ளைகள். மரியாவின் அப்பா 1828 மார்ச்சில் இறந்து இருபதாயிரம் பவுண்டு விட்டுப்போயிருந்தார், அதனால் பட்டினி பயம் போயிருந்தது. ஆனாலும் வேலை செய்தார். கைக்குத் தெரிந்த வேலை அது. துக்கத்தில் இருப்பவர் செய்வதெல்லாம் துக்கத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று வெளியே நிற்பவர்கள் நினைக்கிறோம். அம்மாவைப் பார்த்தபின் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

மார்ச் 3

நேற்று எழுதியதில் வேகம் அதிகம். எழுதியதில் மாற்றம் இல்லை, கேட்டவர் மனம் வருந்தியிருந்தால் அது என் நோக்கம் இல்லை.

மார்ச் 5

அகாடமி விஷயம். 1829 பிப்ரவரி 10 அன்று கான்ஸ்டபிளை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே ஒரு வாக்கு வித்தியாசம், எதிரில் நின்றவர் ஓவியர் பிரான்சிஸ் டான்பி. கான்ஸ்டபிளுக்கு அப்போது வயது 52. டர்னர் 26 வயதிலேயே உறுப்பினராகிவிட்டவர், ஒப்பிட்டுப் பாருங்கள். தலைவர் தாமஸ் லாரன்ஸை மரியாதைக்குப் பார்க்கப் போனால், நிலக்காட்சி வரைபவருக்கு இது கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம் என்று அவர் முகத்துக்கு நேரே உணர்த்தினார். ஏப்ரலில் லெஸ்லிக்கு எழுதும்போதும் அந்தத் தேர்தல் காயம் எரிகிறது என்கிறார். பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாமல் போனபின் வந்த பெருமை என்றும் வருந்தியிருக்கிறார். ஹேட்லி படத்தை அனுப்பலாமா என்று நண்பரிடம் கேட்டுக்கொண்டு தவித்ததும் இந்த நாட்களில்தான்.

படத்தின் கோபம் கொண்ட தூரிகைக்கு மரியா மட்டும் காரணமா, இந்த அவமானமும் சேர்ந்ததா? பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ‘துக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லில் இதுவும் அமுங்கிவிடுகிறது, அதனால் எடுத்து வைக்கிறேன்.

மார்ச் 6

நேற்றே சொல்லியிருக்க வேண்டியது, என் பக்கத்துக்கு இதைவிட வலுவான சாட்சி கிடையாது. கண்காட்சிப் பட்டியலில் படத்தோடு சேர்த்து ஜேம்ஸ் தாம்சனின் ‘கோடை’ கவிதையிலிருந்து சில வரிகளை அச்சிட்டார் கான்ஸ்டபிள். பாழ்வெளிகூட மகிழ்கிறது, இடிபாடுகள் பளபளக்கின்றன, உயர்ந்த முனையிலிருந்து பார்த்தால் அடிவானம்வரை கடல் அமைதியில்லாமல் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று வரும். கவிதையில் இதற்கு முந்தைய வரியைப் படித்தால், அங்கே கவிஞர் பேசுவது சூரியனிடம். நீ திரும்பி வரும்போது இதெல்லாம் நடக்கிறது என்கிறார்.

‘சோகம்’ என்ற சொல்லும் அந்த வரிகளில் உண்டு, மறைக்கவில்லை. சோகமான எல்லைகளுக்குள்ளேதான் அந்த மகிழ்ச்சி.

மார்ச் 7

கேள்வி கேட்ட வாசகர் வந்து, “சரி, அப்படியானால் இதை ஆறுதல் படம் என்று சொல்லலாமா?” என்கிறார். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. வெளிச்சம் விழும் இடத்தில் கோபுரம் இல்லை. இடதுபுறம் இன்னும் இருட்டுத்தான். ஆறுதல் சொல்ல நினைத்தவர் கோபுரத்தின் மேலும் கொஞ்சம் மஞ்சளைத் தடவியிருப்பார். இவர் தடவவில்லை. வானம் வெளுத்துக்கொண்டிருக்கிறது, கோபுரம் அப்படியே நிற்கிறது. இரண்டையும் ஒரே கித்தானில் பக்கத்தில் பக்கத்தில் விட்டிருக்கிறார். நான் பார்ப்பது அவ்வளவுதான்.

மார்ச் 11

வீட்டில் மாட்ட எந்தப் பிரதி நல்லது என்று கேட்டவர்களுக்கு: யேல் மையத்தின் தளத்தில் பெரிய அளவுப் படம் இலவசமாகவே இறங்கும். நல்ல கடையில் மேட் தாளில் அச்சிடச் சொல்லுங்கள். பளபளத் தாள் வேண்டாம், இடது பக்கத்து இருட்டு கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

முடிந்தால் டேவிட் லூகாஸின் அச்சையும் தேடிப் பாருங்கள். 1830களில் கான்ஸ்டபிளின் படங்களை அவர் மெஸோடின்ட் முறையில் எஃகுத் தகட்டில் செய்தார், அதில் ஹேட்லியும் உண்டு. அந்த முறையில் தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே அச்சிட்டால் முழுக் கறுப்பு. வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். ஒவ்வொரு சோதனை அச்சையும் கான்ஸ்டபிள் திருத்தித் திருத்தித் திருப்பி அனுப்பி அந்த இளைஞரைப் பாடாய்ப் படுத்தினார். நிறம் இல்லாத அந்த அச்சில் மேகத்துக்கும் கடலுக்கும் நடுவே எவ்வளவு சுரண்டியிருக்கிறார்கள் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், பிறகு பேசுவோம்.